சினையா, இல்லையா? முப்பது நாளில் காட்டும் ஸ்கேன் கருவி

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சம்பா அறுவடை முடிந்து, நெல் தாளில் தெளித்த உளுந்தும் களத்துக்கு வந்துவிட்டால், மாடுகளுக்குத் தரிசு வயலே மேய்ச்சல் காடு. கோடைக்கு வைக்கோல் காணுமா, எந்த மாட்டை வைத்துக் கொள்வது, எதை விற்பது என்று குடும்பங்களில் கணக்குப் பார்ப்பதும் அந்த நாட்களில்தான். சினை ஊசி போட்டு மூன்று மாதமாகியும் வயிறு தெரியவில்லை என்று ஒருவர் தம் பசுவைத் தரகரிடம் பிடித்துக் கொடுத்து விடுகிறார். அடிமாட்டு விலைக்குப் போன அந்தப் பசு, வாங்கியவர் கொட்டகையில் ஆறாவது மாதம் கன்று போடுகிறது. இன்னொருவர், "ஊசி போட்ட பிறகு மாடு கத்தவே இல்லை, சினைதான்" என்று நம்பி ஏழு மாதம் தவிடும் புண்ணாக்கும் போடுகிறார். மடி இறங்கும் என்று பார்த்தால் இறங்கவில்லை. மாடு வெறும் மாடு.

இரண்டு நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றே. மாடு சினையா, இல்லையா என்பதைக் காலத்தில் தெரிந்து கொள்ளவில்லை. இதை 30 நாளில் காட்டக்கூடிய ஸ்கேன் கருவி இன்று கால்நடை மருத்துவர்கள் கையில் இருக்கிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது, எப்போது மாட்டைக் காட்ட வேண்டும் என்பதை இரண்டு மாடு வைத்திருப்பவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கத்தாவிட்டால் சினையா?

பசு, எருமை இரண்டும் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஊசி போட்ட 21-ஆம் நாள் மாடு கத்தவில்லை, கண்ணாடி போன்ற கோழையும் ஒழுகவில்லை என்றால் சினை பிடித்திருக்கலாம் என்று எண்ணுவது வழக்கம். எண்ணலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. எருமைகளில் ஊமைப் பருவம் மிகுதி. பருவம் வரும், ஆனால் கத்தாது, தாவாது. இரவில் வந்து விடியுமுன் அடங்கிவிடுவதும் உண்டு. தீவனக் குறைவாலும் தாது உப்புக் குறைவாலும் மாடு பருவத்துக்கே வராமல் நிற்பதும் உண்டு. கருப்பையில் சீழ் கோர்த்துக் கொண்டாலும் பருவம் நின்றுவிடும். இதற்கு நேர்மாறாக, சினையாக இருக்கும் பசுக்களில் சில பருவ அறிகுறி காட்டுவதும் உண்டு. அவசரப்பட்டு மறுபடி ஊசி போட்டால், கருப்பைக்குள் குழாய் நுழையும்போது உள்ள கரு கலைந்துவிடக்கூடும்.

ஆகையால் பார்த்தே தீர வேண்டும். காலங்காலமாக மருத்துவர்கள் செய்வது, ஆசனவாய் வழியே கை விட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்க்கும் முறை. செலவில்லாத முறை; நல்ல முறை. கை தேர்ந்தவர் 45 நாளிலும் சொல்லிவிடுவார். பொதுவாக 60 நாளில் சொல்லலாம். 90 நாளில் சந்தேகமே இருக்காது. ஸ்கேன் வந்துவிட்டதால் இந்த முறை பழசாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

21 நாள் கணக்கு

ஒரு பசுவுக்குத் தீவனச் செலவு நாளொன்றுக்கு 120 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஊசி போட்டுச் சினை பிடிக்கவில்லை. 21-ஆம் நாள் வந்த பருவமும் கண்ணில் படவில்லை. 30-ஆம் நாள் ஸ்கேன் பார்த்தால் வெறும் மாடு என்று தெரிந்துவிடும். 42-ஆம் நாள் வரும் பருவத்துக்குக் காத்திருந்து ஊசி போடலாம். 90-ஆம் நாள்தான் பார்க்கிறார் என்றால், அடுத்த வாய்ப்பு 105-ஆம் நாள். இடையில் போனது 63 நாள்; தீவனம் மட்டும் 7,560 ரூபாய். அடுத்த கன்றும் அதன் பாலும் 63 நாள் தள்ளிப் போகிற நஷ்டம் தனி.

அதே ஊரில் கை தேர்ந்த மருத்துவர் இருந்து, 60-ஆம் நாள் கை விட்டுப் பார்த்தால் 63-ஆம் நாள் ஊசி போட்டுவிடலாம். அப்போது ஸ்கேனால் மிச்சமாவது 21 நாள்தான். தீவனக் கணக்கில் 2,520 ரூபாய். இதையும் சொல்லியாக வேண்டும். ஸ்கேனுக்காக மாட்டை வண்டியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டு போகும் செலவு இதைவிட மிகுந்தால், 60 நாள் காத்திருந்து உள்ளூர் மருந்தகத்தில் கைப் பரிசோதனை செய்து கொள்வதே மேல்.

படகுக்காரர் அறிந்த வித்தைதான்

கடலூர் முதுநகரிலிருந்தும் முடசலோடையிலிருந்தும் கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் 'எக்கோ சவுண்டர்' என்ற கருவியைப் பலர் பார்த்திருக்கலாம். படகின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்புகிறது. அது தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்புகிற நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் காட்டுகிறது. ஸ்கேன் கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். ஸ்கேன் கருவி அனுப்புவதோ வினாடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலி. அது சதையில் பட்டுத் திரும்புவதைப் படமாக்கித் திரையில் காட்டுகிறது. எக்ஸ்ரே போல் இதில் கதிர்வீச்சு இல்லை. சினை மாட்டுக்குப் பார்த்தால் கன்று கலைந்துவிடும் என்ற பயம் வேண்டியதில்லை.

கப்பல் கட்டும் தொழிலிலும் கொதிகலன் தொழிலிலும் உலோகத்துக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த கருவியைக் கொண்டே, கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டு மனித வயிற்றைச் சோதித்தார். 1958-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1966-இல் அமெரிக்காவில் லிண்டால் என்பவர் செம்மறியாட்டின் சினையை ஒலி அலையால் கண்டார். அசையும் படமாகவே காட்டும் கருவியை 1980-இல் பிரான்ஸ் நாட்டில் குதிரைகளுக்குப் பயன்படுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது மாட்டுக்கும் வந்தது.

திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். எலும்பு வெள்ளையாகத் தெரியும். சதை சாம்பல் நிறம். கன்று நீர்ப்பைக்குள் மிதப்பதால், சினையான கருப்பையில் முதலில் தெரிவது ஒரு கறுப்புக் குளம். அதற்குள் சிறு வெள்ளைத் துண்டாகக் கரு இருக்கும். 30-ஆம் நாளில் அதன் நீளம் சுமார் 1 சென்டிமீட்டர். இரண்டு உளுந்து மணியை நுனியோடு நுனி வைத்த அளவுதான். அந்தத் துண்டின் நடுவே மினுக்மினுக்கென்று துடிப்பது இதயம். துடிப்பைக் கண்டால் சினை உறுதி, கரு உயிரோடு இருப்பதும் உறுதி. மருத்துவர் திரையை மாட்டுக்காரர் பக்கம் திருப்பினால் அவரும் பார்த்துக் கொள்ளலாம்.

காற்றுக்குள் மட்டும் இந்த ஒலி செல்லாது. அதனால்தான் தோலின் மேல் வைக்கும்போது பசை தடவுகிறார்கள். மாட்டின் குடலில் உள்ள சாணத்தையும் முதலில் எடுத்துவிடுகிறார்கள். இரைப்பையில் வாயு நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது.

எந்த நாளில் காட்டுவது?

ஊசி போட்டு 28 நாளுக்கு முன் காட்ட வேண்டாம். அதற்கு முன்பே பார்த்துச் சொல்லும் நிபுணர்கள் உண்டு. ஆனால் அந்த நாட்களில் 'இல்லை' என்று கேட்கும் பதிலை நம்புவதற்கில்லை. இருக்கும் கரு கண்ணுக்குத் தப்பிவிடும். 30 முதல் 35 நாள் என்பது பசுவுக்கும் எருமைக்கும் ஏற்ற காலம். நாள் சரியாகத் தெரியாவிட்டால் மருத்துவராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டு நாள்காட்டியிலும் குறித்து வைக்க வேண்டும். ஊர்க் காளையோடு சேர்த்திருந்தால் சேர்த்த நாளைக் குறிக்க வேண்டும். மாடு மேய்ச்சலில் எங்கோ சேர்ந்துவிட்டது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 30-ஆம் நாள் 'சினை' என்று கேட்டுவிட்டு, பிறகு மாட்டைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். கரு தானாகவே அழிந்து போவது முதல் இரண்டு மாதத்தில்தான் அதிகம். கடும் வெயில், காய்ச்சல், தீவனக் குறைவு, நோய்க்கிருமி என்று காரணங்கள் பல. கரு மிகச் சிறியதாக இருப்பதால் அது போனதே வெளியில் தெரியாது. ஸ்கேன் தப்பாகச் சொல்லிவிட்டது என்று மருத்துவரைக் குறை கூறுவார்கள். அன்று சொன்னது அன்றைக்கு உண்மை. 60-ஆம் நாள் மறுபடியும் ஒருமுறை பார்த்துக் கொள்ள வேண்டும். அதற்குக் கைப் பரிசோதனையே போதும்.

இரண்டாம் முறையும் சினை என்று உறுதியானால் மற்றக் கணக்குகள் எளிது. பசு சுமார் 280 நாளிலும் எருமை சுமார் 310 நாளிலும் ஈனும். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு பாலை வற்றச் செய்ய வேண்டும். தேதி தெரியாதவர்கள்தான் கடைசி மாதம் வரை கறந்து, மாட்டையும் பிறக்கும் கன்றையும் நலிய விடுகிறார்கள். வயிற்றில் இரட்டைக் கன்று இருப்பதும் ஸ்கேனில் தெரியும். இரட்டையில் ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடாகவே இருக்கும் என்பதை வளர்க்க எடுப்பவர் நினைவில் கொள்ளலாம்.

பருவ ஊசிக்கு முன்

பருவத்துக்கு வராத மாட்டைப் பருவத்துக்குக் கொண்டு வர மருத்துவர்கள் போடும் ஊசிகளில் சில, சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும். 40 நாள் சினையை வெறும் மாடு என்று எண்ணி இந்த ஊசியைப் போட்டால் தன் கையாலேயே கன்றை அழித்ததாக முடியும். மருந்துக் கடையில் வாங்கி யார் கையாலாவது போட்டுக் கொள்வது எந்த நாளும் கூடாத காரியம். 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே கால்நடைக்கு மருத்துவம் செய்ய வேண்டும். ஊசிக்கு முன் ஸ்கேன் பார்த்தால், சினை இருக்கிறதா என்பதோடு சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா, கருப்பையில் சீழ் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மூன்று ஊசி, நான்கு ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு ஐந்தாவது ஊசி போடுவதைவிட, ஒருமுறை இப்படிப் பார்ப்பது பயன் தரும்.

ஆட்டுக்கு இது இன்னும் பெரிய உதவி

ஆட்டுக்குக் கை விட்டுப் பார்க்க வழியில்லை. கிடாவுக்கு மறுபடி போகவில்லை, வயிறு சரிந்தது, மடி வைத்தது என்ற அடையாளங்களை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. அதற்குள் மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். ஆட்டின் சினைக்காலமே 150 நாள்தான். ஸ்கேனில் 40 நாளுக்கு மேல் வயிற்றின் மேலிருந்தே பார்த்துவிடலாம். பின்தொடை இடுக்கில் மயிரில்லாத இடத்தில், மடிக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் வைத்துப் பார்ப்பார்கள். ஆட்டைப் படுக்க வைக்க வேண்டியதில்லை. ஒருவர் நிற்க வைத்துப் பிடித்துக் கொண்டால் போதும்.

45 முதல் 90 நாளுக்குள் பார்த்தால் குட்டி ஒன்றா இரண்டா என்றும் எண்ணலாம். அதற்குப் பின் குட்டிகள் பெரிதாகி ஒன்றை ஒன்று மறைத்துக் கொள்ளும். இந்த எண்ணிக்கை வேடிக்கைக்காக அல்ல. இரண்டு மூன்று குட்டி சுமக்கும் ஆடு கடைசி ஒன்றரை மாதத்தில் போதிய தீவனம் இல்லாவிட்டால் இரை எடுக்காமல் சோர்ந்து படுத்துவிடும். தாயும் போகும், குட்டியும் போகும். எந்த ஆட்டுக்குக் கூடுதல் தவிடும் தானியமும் வைக்க வேண்டும் என்று தெரிந்தால், பத்து ஆட்டுக்கும் ஒரே அளவாகப் போட்டுக் கையைச் சுட்டுக் கொள்ள வேண்டியதில்லை.

வெள்ளாடுகளில் பொய்ச் சினையும் உண்டு. கருப்பையில் வெறும் நீர் கோர்த்துக் கொண்டு வயிறு பெருக்கும். குட்டி போடும் என்று காத்திருந்தால் ஒருநாள் நீராக உடைந்து போகும். ஸ்கேனில் கறுப்பு நீர் தெரியும், அதற்குள் குட்டி இருக்காது. மருத்துவர் பார்த்துச் சிகிச்சை செய்தால் அதே ஆடு மறுபடி சினை பிடிக்கலாம். சிறுநீர் அடைத்துத் தவிக்கும் கிடாவின் மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா, உடைந்துவிட்டதா என்று பார்ப்பதற்கும் இக்கருவி கை கொடுக்கும்.

மாட்டைக் கொண்டு போகும்போது

ஆட்டை முன்னிரவிலிருந்து தீவனம் போடாமல், காலையில் மேய்ச்சலுக்கு விடுமுன் கொண்டு போனால் படம் தெளிவாக இருக்கும். பசுவுக்குப் பட்டினி வேண்டியதில்லை. மாட்டுக்குப் பழகிய ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். மாடு மிரண்டு நகர்ந்தால் படமும் கெடும், விலை உயர்ந்த முனையும் கெடும். ஒரு மாட்டுக்குப் போட்ட கையுறையோடு மருத்துவர் அடுத்த மாட்டைத் தொட மாட்டார். கருவியின் முனையும் துடைத்துச் சுத்தம் செய்யப்பட வேண்டும். முகாம்களில் நூறு மாடு வரிசையில் நிற்கும்போது இதற்காகச் சற்று நேரம் ஆனால் பொறுத்துக் கொள்வது நல்லது. கன்று வீச்சு நோய் போன்றவை மாட்டின் கழிவு நீர் வழியே பரவும். கன்று வீசிய மாடு என்றால் அதை முதலிலேயே சொல்லி, கடைசியாகக் காட்ட வேண்டும்.

சங்கம் கருவி வாங்குவதென்றால்

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் தாமே கருவி வாங்க வேண்டியதில்லை. விலை எளிதல்ல; வாங்கினாலும் படத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும். ஆனால் பால் உற்பத்தியாளர் சங்கமோ உழவர் குழுவோ சேர்ந்து வாங்கி, மருத்துவரை வரவழைத்துப் பயன்படுத்த நினைக்கலாம். அப்போது திரையின் அழகைப் பார்த்து மயங்காமல் முனையைப் பார்க்க வேண்டும். புரோப் என்று சொல்லப்படும் அந்த முனைதான் கருவியின் உயிர். பசு, எருமைக்குக் குடல் வழியே பார்க்க 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் உள்ள நேர்கோட்டு முனை வேண்டும். ஆட்டின் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்க 3.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் உள்ள வளைந்த முனை ஏற்றது. எண் குறைந்தால் ஒலி ஆழமாகப் போகும், படம் மங்கும். எண் கூடினால் படம் தெளியும், ஆழம் குறையும். மனித மருத்துவமனையில் கழித்த கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அதோடு வருவது பெரும்பாலும் வயிற்றின் மேல் வைக்கும் வளைந்த முனையாக இருக்கும். ஆட்டுக்கு உதவும், பசுவின் குடலுக்குள் கொண்டு போக உதவாது.

படம் காட்டாமல் ஒலி எழுப்பியோ விளக்கு எரிந்தோ சினை என்று சொல்லும் சிறு கருவிகளும் விற்பனைக்கு உண்டு. நிரம்பிய மூத்திரப்பையைக் கண்டும் அவை சினை என்று சொல்லிவிடும். விலை குறைவு என்பதற்காக இவற்றை நம்பி மாட்டை விற்பதோ வைத்திருப்பதோ சரியில்லை.

கிராமத்துக்கு ஏற்ற கருவி பேட்டரியில் ஓட வேண்டும். ஒருவர் கழுத்தில் மாட்டிச் செல்லும் எடையில் இருக்க வேண்டும். சாணமும் தண்ணீரும் பட்டால் தாங்க வேண்டும். வெயிலில் திரை தெரிகிறதா என்பதைக் கடைக்குள் பார்க்காமல் களத்து மேட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். முனை பழுதானால் தமிழ்நாட்டுக்குள் சரி செய்து தருவார்களா, புது முனை என்ன விலை என்று வாங்குமுன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். முனை கீழே விழுந்தாலும், அதன் கம்பியை மடக்கிச் சுற்றினாலும், மாடு மிதித்தாலும் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும், அது பெருஞ்செலவு. முனையைக் கொதிநீரில் போடக் கூடாது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மனிதக் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் மத்திய அரசு சட்டம் செய்தது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதனால் ஸ்கேன் கருவிகளின் விற்பனையும் பதிவும் கண்காணிப்பில் உள்ளன. கால்நடைக்கு என்று வாங்கினாலும், பணம் கட்டுமுன் கடலூரில் உள்ள கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் என்னென்ன பதிவு தேவை என்று கேட்டுக் கொள்ள வேண்டும். ரசீதும் பதிவுத் தாளும் இல்லாத பழைய கருவியைத் தொடவே வேண்டாம்.

எங்கே கேட்பது?

முதலில் உள்ளூர்க் கால்நடை மருந்தகம். எந்த மருத்துவமனையில் கருவி இருக்கிறது, எந்த நாளில் ஸ்கேன் பார்க்கிறார்கள், அடுத்த மலடு நீக்க முகாம் எந்த ஊரில் என்பது அங்கே தெரியும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் கடலூரில் இருக்கிறது. மாடு, ஆடு வளர்ப்பு பற்றிய ஆலோசனையை அங்கே கேட்கலாம். கடலூர்ப் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் தொலைவில்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே போகக் கூடியவர்களுக்கு 2012-இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. கிளம்புமுன் தொலைபேசியில் நாளும் நேரமும் கேட்டுக் கொண்டு, ஊசிச் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.